பட்டாளத்துக்காரருக்கு மரியாதை வரப்பில் தொடங்க வேண்டும்

ஆகஸ்டு 15, ஜனவரி 26 ஆகிய இரண்டு நாட்களிலும் முசிறி வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் கொடியேற்று விழா நடக்கும்போது, ஊரில் உள்ள ஓய்வு பெற்ற ராணுவத்தினர் ஓரிருவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்துவது வழக்கமாகி வருகிறது. நல்ல வழக்கம்தான், வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சால்வை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் அவர் தம்முடைய வயலைப் பார்த்தால் என்ன தெரியும்? அவர் காஷ்மீரத்திலும் அஸ்ஸாமிலும் காவல் காத்த ஆண்டுகளில் வரப்பு ஒரு முழம் உள்ளே நகர்ந்திருக்கும். அவர் பங்குக்கு வரவேண்டிய முறைத் தண்ணீர் வேறொருவர் மடைக்குப் பழகியிருக்கும். பொதுக் கிணற்றில் அவருக்கு உரிய பங்கு பேச்சளவில் நின்றிருக்கும்.

இது யாரோ ஒரு கெட்டவர் திட்டம் போட்டுச் செய்வது என்று எண்ண வேண்டியதில்லை. ஆள் இல்லாத நிலம் இப்படித்தான் கரையும். டிராக்டர் ஓட்டுகிறவர் வரப்போரம் ஒரு சால் கூடுதலாக உழுவார். அடுத்த போகத்தில் இன்னொரு சால். ஒரு ஜவான் பென்ஷனுக்குத் தகுதி பெறக் குறைந்தது 15 ஆண்டு பணி செய்ய வேண்டும். பதினைந்து ஆண்டு என்றால் இருபோக நிலத்தில் முப்பது உழவு. முப்பது சால் சேர்ந்தால் எவ்வளவு நிலம் என்பதை உழவர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

முசிறி, தொட்டியம் தாலுகாக்களில் காவிரிக் கரையை ஒட்டி வாழை, நெல், கரும்பு, வெற்றிலை, கோரை ஆகியவை விளைகின்றன. வடக்கே தாத்தையங்கார்பேட்டைப் பக்கம் போகப் போக மேட்டாங்காடு. நிலக்கடலை, சோளம், சின்ன வெங்காயம் என்று மழையையும் கிணற்றையும் நம்பிய சாகுபடி. இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பது சிறு நிலம். மூன்று ஆண் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று ஏக்கர் இருந்தால், ஒருவர் பட்டாளத்துக்குப் போவது அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு போகம் எடுத்த மாதிரி. மணியார்டர் காலத்திலிருந்து இதே கதைதான். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வந்துவிட்டது. அத்தனை பெயர் இல்லாவிட்டாலும், குளித்தலை ரயிலடியில் இறங்கிப் பாலம் கடந்து முசிறிக்கு விடுமுறையில் வருகிற ஜவான்கள் இந்தக் கரை ஊர்களுக்குப் புதியவர்கள் அல்லர்.

பழைய காலத்தில் நிலமே மரியாதை

போரில் மாண்டவருக்குக் கல் நட்டு வணங்குவது தமிழ்நாட்டின் மிகப் பழைய வழக்கம். நடுகல்லைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதோடு சேர்ந்து நடந்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போரிலும், மாடு பிடிக்க வந்தவர்களை எதிர்த்த சண்டையிலும் உயிர்விட்டவரின் குடும்பத்துக்கு நிலம் விடப்பட்டது. கல்வெட்டுகள் அதை 'உதிரப்பட்டி' என்று குறிக்கின்றன. உதிரம் சிந்தியதற்கு ஈடாக விட்ட நிலம் என்று பொருள். கல் மட்டும் நட்டுவிட்டு வாரிசுகளைப் பட்டினி போடக்கூடாது என்ற எண்ணம் அந்தக் கால ஊர்களுக்கு இருந்திருக்கிறது.

பிற்காலத்தில் கல் நின்றது, நிலம் நின்றுபோயிற்று. திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு போகிற உழவர்கள், அங்கே நிற்கும் முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பார்கள். 1914 முதல் 1919 வரையிலான அந்தப் பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 302 பேர் சென்றனர், அவர்களில் 41 பேர் உயிர் நீத்தனர் என்று அந்தக் கல் கூறுகிறது. எஞ்சிய 261 பேர் திரும்பி வந்திருக்க வேண்டும். அவர்கள் எந்த ஊருக்குத் திரும்பினார்கள், என்ன பயிர் செய்தார்கள் என்று சொல்லும் கல் எதுவும் இல்லை. உயிரோடு திரும்பியவருக்குக் கல் தேவையில்லை என்பது சரி. ஆனால் அவருக்கு வேறு ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கும்.

பின்னாளில் திருச்சி நகரம் மேஜர் மாரியப்பன் சரவணனுக்கும் நினைவுச் சின்னம் எழுப்பியது. பீகார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த அவர் 1999 மே 29-இல் கார்கில் போரின்போது படாலிக் பகுதியில் வீரமரணம் அடைந்தார். மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது பெற்றார். 2024-இல் வந்த 'அமரன்' திரைப்படம் மேஜர் முகுந்த் வரதராஜனின் பெயரைக் கிராமத்துக் கொட்டகை வரை கொண்டு சேர்த்தது. இவை எல்லாம் தக்க மரியாதைகள். ஆனால் மேட்டாங்காட்டு ஊர் ஒன்றில் ஹவில்தாராக ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு நிலக்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருக்கிறவரைப் பற்றி யாரும் படம் எடுக்கப் போவதில்லை. அவருக்கு மரியாதை செய்ய வேண்டியவர்கள் அடுத்த காட்டுக்காரர்கள்தான்.

நிலம் கொடுத்தும் தோற்ற கதை

அரசாங்கங்கள் முன்னாள் ராணுவத்தினருக்கு நிலம் கொடுக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்த வயநாட்டில், போரிலிருந்து திரும்பியவர்களைக் குடியேற்றி விவசாயம் செய்ய வைக்க ஒரு திட்டம் போடப்பட்டது. அந்த மலைச்சீமையில் எந்தப் பயிர் வரும், எப்படிச் செய்ய வேண்டும் என்று கண்டு சொல்வதற்கென்றே சென்னை அரசின் விவசாய இலாகா 1946-இல் அம்பலவயலில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. இன்று அது கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. பட்டாளத்திலிருந்து வருகிறவருக்கு நிலத்தோடு அறிவுரையும் பக்கத்திலேயே வேண்டும் என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அப்படி யோசிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா நல்ல பாடம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அந்நாட்டு மாநிலங்கள் தாராளமாக நிலம் பிரித்துக் கொடுத்தன, கடனும் கொடுத்தன. பத்தாண்டுக்குள் ஏராளமானோர் நிலத்தை விட்டு வெளியேறினர். ஏன் இவ்வளவு நஷ்டம் என்று ஆராய்ந்து நீதிபதி பைக் என்பவர் 1929-இல் அறிக்கை கொடுத்தார். கைமுதல் போதவில்லை, ஒரு குடும்பம் பிழைக்கும் அளவுக்கு நிலம் போதவில்லை, வந்தவர்களில் பலருக்கு விவசாயம் பழக்கமில்லை, விளைபொருள் விலை விழுந்துவிட்டது. இந்த நான்கும்தான் அவர் கண்ட காரணங்கள். நூறு ஆண்டு கழித்து முசிறித் தாலுகாவில் ஒரு முன்னாள் ஜவான் ஏன் நொடித்துப் போனார் என்று விசாரித்தாலும் ஏறக்குறைய இவையேதான் வரும்.

தமிழ்நாட்டிலும் நிலமற்ற முன்னாள் ராணுவத்தினருக்குப் புறம்போக்கு நிலம் ஒப்படை செய்யும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. ஆனால் ஒப்படை செய்யத் தக்க நல்ல நிலம் இனி எங்கே இருக்கிறது? ஏரிப் புறம்போக்கிலும் மேய்க்காலிலும் கை வைக்கக்கூடாது. வைத்தால் ஊருக்கே கேடு. ஆகவே புது நிலம் கேட்பதைக் காட்டிலும், ஏற்கெனவே அவருக்கு உள்ள நிலம் அவருக்காகக் காத்திருக்கும்படி பார்த்துக்கொள்வதே நடக்கக்கூடிய காரியம். இதற்கு அரசாணை தேவையில்லை. ஊர் மனது வைத்தால் போதும்.

அவர் ஊரில் இல்லாத காலம்

முதலில் பட்டா. தகப்பனார் பெயரிலோ பாட்டனார் பெயரிலோ கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் நிலம்தான் பெரும்பாலான தகராறுகளுக்கு வித்து. பட்டாளத்துக்குப் போகிற மகன் போகும் முன்பே பாகம் பிரித்து, உட்பிரிவு செய்து, தனிப் பட்டா வாங்கி, எல்லைக் கல்லையும் நட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது. "அண்ணன் தம்பிக்குள் எதற்கு இப்போது பாகம்?" என்று பெரியவர்கள் தயங்குவார்கள். இப்போது அன்போடு செய்யாததைப் பதினைந்து ஆண்டு கழித்து வக்கீல் வைத்துச் செய்ய வேண்டியிருக்கும். தனிப் பட்டா இல்லாவிட்டால் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, சொட்டுநீர் மானியம், மின் இணைப்பு எல்லாவற்றிலும் இழுபறிதான்.

அடுத்தது குத்தகை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயத்தில் பல ஜவான்கள் நிலத்தைத் தரிசாகவே போட்டு வைக்கிறார்கள். வேலிகாத்தான் முளைத்துவிடுகிறது. ஒரு முறை வேலிகாத்தான் வேர்விட்ட நிலத்தைத் திருத்த எவ்வளவு செலவு பிடிக்கும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மறுபுறம், சாகுபடி செய்ய நிலம் இல்லாமல் அதே ஊரில் நாலு பேர் இருப்பார்கள். இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைப்பது ஊர்ப் பெரியவர்களின் கடமை. வாய்ப்பேச்சு போதாது. சர்வே எண், பரப்பு, காலம், குத்தகைத் தொகை அல்லது வார விகிதம், கிணற்றுப் பங்கு, யார் மின் மோட்டாரைப் பழுது பார்ப்பது ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, சாட்சிகளும் போட வேண்டும். குத்தகைக்காரரும் ஏழைதான், அவருக்கும் எழுத்து பாதுகாப்பு. ஜவானின் நிலத்தை மோசம் போகாமல் பயிரிட்டு, சொன்ன காலத்தில் திருப்பிக் கொடுக்கிற குத்தகைக்காரருக்கும் கொடியேற்று மேடையில் ஒரு சால்வை போர்த்தலாம், தகும்.

வாழை, கோரை போன்ற பயிர்களில் இன்னும் கவனம் வேண்டும். கோரை ஒரு முறை நட்டால் பல ஆண்டு தொடர்ந்து அறுக்கிற பயிர். மறுதாம்பு விட்ட வாழையும் அப்படியே. "அடுத்த தை மாதம் வருகிறேன்" என்று ஜவான் எழுதியிருக்கும்போது, அவர் நிலத்தில் புதிதாகக் கோரை ஊன்றுவது நாணயமான செயல் அல்ல.

வழக்கு வந்துவிட்டால் என்ன செய்வது? எல்லையில் அல்லது போர்ச் சூழலில் பணியில் இருக்கும் ஜவானுக்கு எதிராக அவர் இல்லாத நேரத்தில் சிவில், ரெவின்யூ வழக்குகளில் தீர்ப்பாகிவிடக்கூடாது என்பதற்காக 1925-ஆம் ஆண்டிலேயே இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம் இயற்றப்பட்டது. அவரால் வர இயலாது என்பதை மாவட்ட கலெக்டர் கோர்ட்டுக்குச் சான்றளிக்கலாம். படைப்பிரிவின் அதிகாரியிடமிருந்தும் சான்று வரலாம். கோர்ட் வழக்கைத் தள்ளிவைக்கும். இந்தச் சட்டம் இருப்பது பல வீடுகளில் தெரியாது. நோட்டீஸ் வந்தால், ஊரில் இருக்கும் தாயோ மனைவியோ பயந்துபோய்க் கேட்ட இடத்தில் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். நோட்டீசை எடுத்துக்கொண்டு திருச்சியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அண்டை வீட்டார் ஒருவர் சொன்னால் அதுவே பெரிய உதவி.

மொத்தத் தொகையும் ஆழ்குழாய்க் கிணறும்

பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து பதினேழு ஆண்டு பணி செய்து ஊர் திரும்பும் ஜவானுக்கு வயது முப்பத்தைந்து, முப்பத்தாறுதான் ஆகியிருக்கும். கிராமங்களில் சாகுபடி செய்கிறவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிற காலத்தில், உடல் உறுதியும் மாத பென்ஷனும் உள்ள ஒரு முப்பத்தைந்து வயதுக்காரர் விவசாயத்துக்கு வருவது ஊருக்கு நல்லது. பென்ஷன் இருப்பதால் ஒரு மழை பொய்த்தாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே புதிய ரகத்தையும் புதிய முறையையும் துணிந்து செய்து பார்க்க அவரால் முடியும். செய்து பார்ப்பது பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் பயன்.

ஆனால் நடப்பது வேறு. பணிக்கொடையும், பென்ஷனில் பாதி வரை முன்கூட்டித் தொகையாகப் பெறுவதுமாகச் சேர்ந்து அவர் கையில் ஒரு மொத்தத் தொகை இருக்கிறது என்பது, அவர் பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. மேட்டாங்காட்டில் விற்காமல் கிடந்த களர் நிலத்துக்கு அன்றுதான் விலை ஏறுகிறது. "மிலிட்டரிக்காரர் வாங்குவார்" என்று தரகர் பேசத் தொடங்குகிறார். அடுத்து வருகிறவர் போர்வெல் வண்டிக்காரர். தாத்தையங்கார்பேட்டைப் பக்கம் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில் தண்ணீர் சிக்கினால் உண்டு, இல்லையென்றால் தூள்தான். ஒன்று பொய்த்தால் இரண்டாவது, அதுவும் பொய்த்தால் சாமியார் சொன்ன மூலையில் மூன்றாவது. பதினேழு ஆண்டு பனியிலும் வெயிலிலும் நின்று சேர்த்த பணம் முப்பது நாளில் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் அவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ செக்யூரிட்டி வேலைக்குக் கிளம்புகிறார். துப்பாக்கி பிடித்தவர் ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்வதற்கு ஊராரின் பேராசையும் ஒரு காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடாது.

திரும்பி வந்த முதல் ஆண்டில் புதிதாக நிலம் வாங்குவதோ ஆழ்குழாய் போடுவதோ கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். இருக்கிற நிலத்தில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும். இருக்கிற கிணற்றைத் தூர் வாரி, பண்ணைக்குட்டை ஒன்று வெட்டி, சொட்டுநீர் போட்டால் எவ்வளவு பரப்புக்குத் தண்ணீர் காணும் என்று பார்க்க வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம் உண்டு. ஏனையோருக்கு 75 சதவீதம். காவிரியின் அக்கரையில் சிறுகமணியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வாழைக்கு என்றே திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்கி வருகிறது. நவலூர் குட்டப்பட்டில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. களர், உவர் நிலத்தைத் திருத்துவதுபற்றி அங்கே கேட்டறியலாம். இவ்வளவும் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கும்போது, வண்டிக்காரர் பேச்சைக் கேட்டுப் பணத்தைப் புதைப்பானேன்?

பணவிஷயத்தில் இன்னொன்று. பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000 கொடுக்கிறார்கள். மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் பென்ஷன் வாங்குகிறவர் குடும்பத்துக்கு அது பொருந்தாது; கடைநிலை ஊழியர் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு உண்டு. தெரியாமல் பதிந்துவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வாங்க வேண்டாம். ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் உறுப்பினராகிப் பயிர்க்கடன் வாங்குவதற்கு பென்ஷன் தடையல்ல. தவணை தவறாமல் கட்டினால் வட்டியும் இல்லை. விவசாயம் சார்ந்த தொழில் தொடங்க நினைப்பவர்கள், மாநில அரசு 2024 சுதந்திர தினத்தில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தைப் பற்றி நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ரூ.1 கோடி வரை கடனுக்கு 30 சதவீத மூலதன மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் அதில் உண்டு. மானியம் இருக்கிறது என்பதற்காகக் கடன் வாங்கக்கூடாது; செய்யத் தெரிந்த தொழிலுக்கு மானியம் இருந்தால் வாங்கலாம்.

கேன்டீன் பாட்டிலுக்கு அப்பால்

ஊரில் முன்னாள் ராணுவத்தினரை நாடிப் போகிறவர்கள் எதற்காகப் போகிறார்கள்? வெட்கத்தை விட்டுச் சொன்னால், பாதிப் பேர் மிலிட்டரி கேன்டீன் பாட்டிலுக்காக. அவருக்குத் தெரிந்த வேலை என்ன என்று கேட்டவர்கள் குறைவு. மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் இருந்தவர் பாலம் கட்டவும் சாலை போடவும் மட்டம் பார்க்கவும் தெரிந்தவர். நிலம் சமன் செய்யும்போது, மடை வைக்கும்போது அவரைக் கூப்பிட்டால் தண்ணீர் தானாக ஓடும். பணிமனையில் இருந்தவருக்கு டீசல் என்ஜின் கைவந்த கலை. பவர் டில்லர் மூலையில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டியதில்லை. மருத்துவப் பிரிவில் இருந்தவருக்குப் பாம்புக் கடிக்கு முதலுதவி தெரியும். கடித்த இடத்தைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, அசையவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும் என்று அவர் சொன்னால் ஊர் கேட்கும். கால்நடைப் பிரிவில் இருந்தவர் மாட்டின் கண்ணைப் பார்த்தே காய்ச்சல் சொல்வார். ஸ்டோர் கணக்கு எழுதியவர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டைத் திறந்தால், அங்கே சிலருக்கு வியர்க்கும்.

2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் பல இடங்களில் பெயரளவில் இருக்கின்றன. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு, யார் பக்கமும் சாயாமல் நேரம் பார்த்து மடை திறக்கிற ஆள் வேண்டும். பலகாலம் ஊரைவிட்டு வெளியே இருந்ததால் எந்தக் கட்சியிலும் எந்தப் பங்காளிச் சண்டையிலும் சேராதவர் என்பது முன்னாள் ராணுவத்தினருக்கு உள்ள ஒரு பெரிய வசதி. 2018 ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் இடிந்து விழுந்ததைக் கரையோர ஊர்கள் மறந்திருக்காது. காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் மணல் மூட்டை அடுக்கவும், தாழ்வான வயலில் உள்ளவர்களை வெளியேற்றவும் பயிற்சி பெற்றவர்கள் யார் யார் என்பது வெள்ளம் வருவதற்கு முன்பே ஊராட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஊராட்சியில் உள்ள முன்னாள் ராணுவத்தினர், இப்போது பணியில் உள்ளவர், மறைந்தவரின் விதவை ஆகியோரின் பெயர், படைப்பிரிவு, தெரிந்த தொழில், நிலத்தின் சர்வே எண், அதை யார் பயிரிடுகிறார் என்பதை எழுதி வைக்கலாம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் ஒன்றில் அந்த நோட்டைப் படித்து, மாறியதைத் திருத்தினால் போதும். 2023-இல் 'என் மண் என் தேசம்' இயக்கத்தின்போது நாடெங்கும் ஊராட்சிகளில் வீரர்களின் பெயர் பொறித்த பலகைகள் வைத்து, 75 மரக்கன்றுகள் நடச் சொன்னார்கள். அந்தக் கன்றுகளில் எத்தனை இன்று நிழல் தருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் பலகையின் கதியும் தெரிந்துவிடும்.

விதவைத் தாய்மார்கள்

ஜவான் இறந்த பிறகு அவருடைய மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. ஆனால் படைப்பிரிவின் ஏட்டில் அவர் பெயர் ஒரு மாதிரியும், ஆதாரில் வேறு மாதிரியும் இருந்துவிட்டால் மாதக் கணக்கில் அலைய வேண்டியதுதான். லட்சுமிக்கும் லெட்சுமிக்கும் உள்ள ஓர் எழுத்து வித்தியாசம் ஒரு வீட்டின் சாப்பாட்டைத் தடுத்துவிடும். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் படைப்பிரிவுக்குத் தெரிவிக்கப்பட்டு ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். கணவர் உயிரோடிருக்கும்போதே ஒரு நாள் உட்கார்ந்து எல்லாக் காகிதங்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது. இப்போது பென்ஷன் விவரங்கள் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறைக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று பதியத் தவறினால் பென்ஷன் நின்றுவிடும். கைரேகை விழாத வயதான அம்மாள் இ-சேவை மையத்தில் காத்துக்கிடப்பதைப் பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள், அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வேலையை முடித்துத் தரலாம். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் முதல் நடக்கிறது. அதன் மருத்துவ நிலையம் திருச்சியில் இருக்கிறது. எண்பது வயதுக்காரர் மேட்டாங்காட்டு ஊரிலிருந்து பஸ் மாறி மாறி அங்கே போய்த் திரும்ப ஒரு பகல் ஆகிவிடும். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகிற வேனில் முன் சீட்டு ஒன்று பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 7-ஆம் தேதியைக் கொடி நாளாக 1949 முதல் கொண்டாடி வருகிறோம். அன்றைக்குத் திரட்டும் நிதி போர் விதவைகளுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் போகிறது. பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் நீட்டும்போது போடுவதைப் போடலாம். அதே நாளில் ஊரில் உள்ள விதவையின் காட்டில் வரப்பை அளந்து கல் நட்டுக் கொடுப்பதற்கு உண்டியல் தேவையில்லை.

நான்கு ஆண்டில் திரும்பி வருகிறவர்கள்

இதுவரை சொன்னது பென்ஷனோடு வருகிறவர்களைப் பற்றி. மத்திய அரசு 2022 ஜூனில் அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. பதினேழரை வயது நிறைந்த இளைஞர்கள் நான்கு ஆண்டுக்குச் சேருகிறார்கள். அறிவித்தபடி, அவர்களில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய ரூ.11.71 லட்சம் சேவாநிதித் தொகையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் அதனோடு வருகிற மருத்துவமும் கேன்டீனும் இல்லை. துணை ராணுவப் படைகளில் இடஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அது கிடைத்துவிடாது. 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அணிக்கு 2026 முடிவிலும் 2027 தொடக்கத்திலுமாக நான்கு ஆண்டு நிறைகிறது.

திட்டம் சரியா தவறா என்பதை டெல்லியில் பேசிக்கொள்ளட்டும். முசிறிப் பக்கத்து ஊருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு பையன் பதினோரு லட்சத்தோடு வந்து இறங்கும்போது, மேலே சொன்ன தரகரும் போர்வெல் வண்டிக்காரரும் அவனுக்காகவும் காத்திருப்பார்கள். மூத்தவர்களுக்கு ஆழ்குழாய் பொய்த்தாலும் மாத பென்ஷன் மிச்சம் இருந்தது. இவனுக்கு அதுவும் இருக்காது. தகப்பனார் பெயரில் உள்ள நிலத்தில் இவன் பங்கு எது என்று எழுத்தில் இருந்தால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் இவன் பெயருக்குக் கடன் கிடைக்கும். சேவாநிதியைத் தொடாமல் வங்கியில் வைத்துவிட்டு, முதல் ஆண்டு தகப்பனாரோடு சேர்ந்து அரை ஏக்கரில் சின்ன வெங்காயமோ காய்கறியோ செய்து, இரண்டு கறவை மாட்டோடு தொடங்கினால் நஷ்டம் வந்தாலும் தாங்கக்கூடிய நஷ்டமாக இருக்கும். ஊரில் உள்ள பழைய சுபேதாரும் ஹவில்தாரும் இந்தப் பையன்களை "நான்கு வருஷத்துக்காரன்" என்று கேலி பேசாமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். அக்னிவீரராகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், அவன் வருவதற்குள் கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்ய இப்போதே மனுக் கொடுத்துவிடலாம். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுப் போக மாதக்கணக்கில் ஆகிறது.